பனிக்கடலின் பழங்கணக்கு



நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியன். எங்கள் மலையில் விடியற்காலையில் மூடுபனி இறங்கும். கொழுந்து வெட்டப் போகிறவர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் பெரட்டுக்கு வருவார்கள். ஆனாலும் தண்ணீர் தானாக உறைந்து கட்டியாவதை இங்கே யாரும் கண்டதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டி என்றால் கடையில் விற்கும் ஐஸ் கச்சாங்தான்.

மலேசியாவின் வானிலைப் பதிவில் மிகக் குறைந்த வெப்பநிலை எங்கள் கேமரன் மலையில் அளக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில், 7.8 பாகை செல்சியஸ். அப்போது என் மாணவர்கள் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை. இருந்தும் அந்தக் குளிர் நமக்குத் தெரிகிறது. ஏன்? யாரோ ஒருவர் வெப்பமானியைப் பார்த்து அந்த எண்ணை எழுதி வைத்தார்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "ஐயா, வட துருவக் கடலில் பனி குறைந்துகொண்டு வருகிறது என்று சொல்கிறார்களே. அங்கே ஆளே குடியிருக்கவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே எவ்வளவு பனி இருந்தது என்று யார் பார்த்து எழுதினார்கள்? பார்க்காமலே சொன்னால் அது பொய் இல்லையா, ஐயா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அன்றைக்கு என்னால் முழு விடை சொல்ல முடியவில்லை. பல வாரங்கள் படித்த பிறகே எனக்கு விளங்கியது. அந்த விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். இந்தக் கதையில் பனியில் சிக்கிச் செத்த மாலுமிகள் வருவார்கள். போர்க்களத்தில் கணக்குப் போட்ட ஒருவர் வருவார். நம் சென்னைப் பட்டணத்துப் பொறியாளர்களும் வருவார்கள்.

கடற்பனி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தின் மேல் விழுந்த பனி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறுகி மலைபோல் நிற்பது ஒரு வகை. கிரீன்லாந்திலும் தென் துருவ நிலத்திலும் இருப்பது அது. கடல் நீரே குளிரில் உறைந்து, பலகைபோல் மேலே மிதப்பது இன்னொரு வகை. அதுதான் கடற்பனி. உப்பு கலந்திருப்பதால் கடல் நீர் சுழிப் பாகையில் உறையாது. அதற்கும் கீழே ஏறக்குறைய 1.8 பாகை இறங்கினால்தான் உறையும். குளிர்காலத்தில் இந்தப் பலகை பரவும். கோடையில் உருகிச் சுருங்கும். வட துருவக் கடலில் அது மிகவும் சுருங்குவது செப்டம்பர் மாதத்தில்.

குவளையில் மிதக்கும் ஐஸ் உருகினால் குவளை வழிவதில்லை. அதுபோல, மிதக்கும் கடற்பனி உருகுவதால் மட்டும் கடல் மட்டம் ஏறிவிடாது. அப்படியானால் நமக்கென்ன கவலை என்று கேட்பீர்கள். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கருநீர் வெயிலை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பனி குறையக் குறையக் கடல் சூடேறும். கடல் சூடேற, மேலும் பனி குறையும். ஆகவே அந்தப் பனியின் கணக்கு உலகம் முழுவதற்கும் வேண்டிய கணக்கு.

இனி, அந்தக் கடலைக் கண்ணால் கண்டவர்களின் கதைக்கு வருவோம்.

1879ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து ஜீனெட் என்ற கப்பல் 33 பேருடன் வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டது. அதன் தலைவர் ஜார்ஜ் டி லாங். செப்டம்பரிலேயே கப்பல் பனிக்குள் மாட்டிக்கொண்டது. அன்று தொடங்கி 21 மாதங்கள் பனி இழுத்த பக்கமெல்லாம் அது நகர்ந்தது. 1881 ஜூன் மாதம் பனி நெருக்கியதில் நொறுங்கி மூழ்கிவிட்டது. ஆட்கள் படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு சைபீரியக் கரையை நோக்கி நடந்தார்கள். 20 பேர் திரும்பவில்லை. டி லாங்கும் அவர்களில் ஒருவர்.

அந்தக் கப்பலில் நாள் தவறாமல் காற்றின் திசை, காற்றழுத்தம், வெப்பநிலை, பனியின் நிலை எல்லாம் பதிவேட்டில் எழுதப்பட்டன. உயிருக்குப் போராடிய வேளையிலும் அவர்கள் அந்தப் பதிவேடுகளை விட்டுவிடவில்லை. சுமந்து சென்றார்கள். கரை சேர்ந்ததும், இனிச் சுமக்கத் தெம்பில்லை என்ற நிலையில் அவற்றை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார்கள். பின்னால் தேடி வந்தவர்கள் அவற்றை மீட்டார்கள். அந்த ஏடுகளை மறந்துவிடாதீர்கள். ஏறக்குறைய 130 ஆண்டுகள் கழித்து அவை மீண்டும் நம் கதைக்குள் வரும்.

ஜீனெட் மூழ்கிய மூன்று ஆண்டுகளில், 1884இல், அதன் உடைந்த பொருள்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. சைபீரியாவுக்கு அருகே மூழ்கிய கப்பலின் பொருள் துருவக் கடலின் மறுபக்கத்துக்கு எப்படி வந்தது? நார்வே நாட்டு ஃப்ரிட்ஜோஃப் நான்சென் யோசித்தார். துருவக் கடற்பனி ஓரிடத்தில் நிற்பதில்லை. அது ஊர்ந்துகொண்டே இருக்கிறது என்று முடிவு கட்டினார். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பும்படி உருண்ட அடிப்பாகம் கொண்ட ஃபிராம் என்ற கப்பலைக் கட்டினார். 1893இல் அந்தக் கப்பலை வேண்டுமென்றே பனிக்குள் விட்டு உறைய வைத்தார். மூன்று ஆண்டுகள் பனியோடு மிதந்து, 1896 ஆகஸ்டில் ஃபிராம் பத்திரமாக வெளியே வந்தது.

அந்தப் பயணத்தில் நான்சென் பல அளவுகள் எடுத்தார். துருவக் கடல் ஆழம் குறைந்தது என்று பலர் எண்ணியிருந்தார்கள்; கயிறு விட்டுப் பார்த்தால் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம். குளிர்ந்த மேல்நீருக்கு அடியில் அட்லாண்டிக் கடலிலிருந்து வந்த வெதுவெதுப்பான நீர் ஓடுவதையும் கண்டார். இன்னொன்றையும் கவனித்தார். காற்று அடிக்கும் திசையிலேயே பனி நகரவில்லை. 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கம் விலகியே நகர்ந்தது. ஏன் என்று அவர் கேட்க, சுவீடன் நாட்டு எக்மன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பூமி சுழல்வதே காரணம் என்று 1905இல் விரிவாக விளக்கினார்.

நேயர்களே, இங்கே சற்று நில்லுங்கள். கப்பல் தட்டில் நின்று ஒருவர் கண்டது, அறைக்குள் இருந்த இன்னொருவர் கையில் விதியாக மாறியது. இனிப் பனியை நேரில் பார்க்காதவரும், காற்று எந்தத் திசையில் எவ்வளவு அடித்தது என்று தெரிந்தால், பனி எந்தப் பக்கம் போயிருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். கண்டதும் கணக்கும் கைகோத்த முதல் இடங்களில் இதுவும் ஒன்று.

பிறகு வேறு சாட்சிகள் வந்தார்கள். 1937இல் சோவியத் நாட்டைச் சேர்ந்த பப்பானினும் மூன்று தோழர்களும் விமானத்தில் போய், வட துருவத்தருகே மிதக்கும் பனிப்பலகையில் கூடாரம் போட்டார்கள். ஒன்பது மாதங்கள் அதன்மேல் மிதந்தபடி கடலையும் காற்றையும் அளந்தார்கள். 1958 ஆகஸ்டில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸ் பனிக்கு அடியிலேயே சென்று துருவத்தைக் கடந்தது. நீர்மூழ்கிகள் மேல்நோக்கி ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக்கொண்டு, பனி எவ்வளவு ஆழம் நீருக்குள் இறங்கியிருக்கிறது என்று அறிந்தன. அந்தக் கணக்கு நெடுங்காலம் படை இரகசியமாக இருந்தது. வெளிவந்த பிறகு, ரோத்ராக் என்பவரும் அவருடைய தோழர்களும் 1999இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1958 முதல் 1976 வரை கோடையின் கடைசியில் சராசரியாக 3.1 மீட்டர் ஆழம் இறங்கியிருந்த பனி, 1990களில் 1.8 மீட்டர்தான் இறங்கியிருந்தது.

1978 அக்டோபரில் நிம்பஸ்-7 என்ற செயற்கைக்கோள் மேலே சென்றது. பனியும் நீரும் வெளிவிடும் நுண்ணலைகள் வேறு வேறு அளவு உள்ளவை. மேகம் மூடினாலும், ஆறு மாத இருட்டானாலும், அந்த வேற்றுமையை அது கண்டுகொள்ளும். அன்று தொடங்கி துருவப் பனியின் பரப்பு ஏறக்குறைய விடாமல் பதிவாகி வருகிறது. ஆனால் பரப்பு தெரிந்தால் போதுமா? கம்பளம் எத்தனை அடி நீளம் என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு கனம் என்று தெரியுமா? பனியின் தடிப்பை அளக்கும் கோள்கள் வெகு பின்னால்தான் வந்தன. கிரையோசாட்-2 என்ற கோள் 2010இல் ஏவப்பட்டது.

ஆகவே சாட்சிகள் உண்டு. ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக உண்டு. ஒரு கப்பல், ஒரு பாதை, சில மாதங்கள். இடையில் எத்தனையோ ஆயிரம் மைல், எத்தனையோ ஆண்டு வெறுமை. அந்த வெறுமையை எப்படி நிரப்புவது? இங்கேதான் கணக்குப் போட்டவர்கள் வருகிறார்கள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ரிச்சர்ட்சன் என்பவர் பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநராக இருந்தார். ஓய்ந்த வேளைகளில் அவர் ஒரு விந்தையான காரியம் செய்தார். 1910 மே மாதத்தில் ஒரு நாளின் வானிலைக் குறிப்புகளை எடுத்துக்கொண்டார். தோட்டத்தை எண் போட்டுப் பகுதி பகுதியாகப் பிரிப்பதுபோல ஐரோப்பாவின் ஒரு பாகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். காற்றும் வெப்பமும் நடக்கும் விதிகளைக்கொண்டு, ஆறு மணி நேரம் கழித்து வானிலை எப்படி இருந்திருக்கும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். போரின் குழப்பத்தில் அந்தக் கையெழுத்துப் படி தொலைந்துபோனது. சில மாதங்கள் கழித்து ஒரு கரிக்குவியலின் அடியில் கிடைத்தது.

விடை என்ன ஆயிற்று தெரியுமா? முழுத் தோல்வி. காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று கணக்கு சொன்னது. உண்மையில் அது அசையவே இல்லை என்று சொல்லலாம். ரிச்சர்ட்சன் அதை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட தமது நூலில் தோல்வியை அப்படியே அச்சிட்டார். 64,000 பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வானிலையோடு ஓட முடியும் என்று கனவும் கண்டார். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். அவர் போட்ட முறை தவறில்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அளவுகள் ஒன்றோடொன்று இசையாமல் இருந்தன. அடுப்பில் வைத்த பானை சரியாக இருந்தும், போட்ட அரிசியைப் பதம் பார்க்காததுபோல ஆயிற்று.

1950இல் அமெரிக்காவில் எனியாக் என்ற பெரிய கணிப்பொறியைக்கொண்டு முதன்முதலாக வானிலைக் கணக்குப் போட்டார்கள். ஒரு நாளைய வானிலையைக் கணக்கிட ஏறக்குறைய ஒரு நாளே பிடித்தது. பிறகு கணிப்பொறிகளின் வேகம் வளர்ந்தது. கடலுக்கும் கடற்பனிக்கும் இதே முறையில் கணக்கு மாதிரிகள் செய்தார்கள். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு தள்ளுகிறது, அடிநீர் எவ்வளவு இழுக்கிறது, பூமியின் சுழற்சி எவ்வளவு திருப்புகிறது, எவ்வளவு உறைகிறது, எவ்வளவு உருகுகிறது என்று கணிப்பொறி போட்டுக்கொண்டே போகும். நான்சென் கண்டதும் எக்மன் விளக்கியதும் அதற்குள் இருக்கின்றன.

ஆனால் கணக்கை மட்டும் விட்டால் அது தன் போக்கில் போய்விடும். கண்டதை மட்டும் வைத்தால் ஓட்டைதான் மிச்சம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன்.

தேயிலை ஏற்றிய லாரி ஒன்று தோட்டத்திலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறது. ஓட்டுநர் காளிமுத்து அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார். வளைவுச் சாலை; மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம். ஏழு மணிக்கு அவர் எங்கே இருப்பார்? இருபதாவது கிலோமீட்டரில் என்று உங்கள் கணக்கு சொல்கிறது. அந்த நேரம் சாலையோரக் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். "லாரி பதினாறாவது கிலோமீட்டர் பக்கம் போவதுபோல் தெரிந்தது, மூடுபனி, சரியாகத் தெரியவில்லை" என்கிறார். நீங்கள் எதை நம்புவீர்கள்? கணக்கையும் முழுவதும் தள்ளமாட்டீர்கள். கடைக்காரர் சொல்லையும் தள்ளமாட்டீர்கள். மழை பெய்திருந்தால் லாரி மெதுவாகத்தான் போயிருக்கும், ஆகவே கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று நினைத்து, பதினேழு அல்லது பதினெட்டு என்று முடிவு செய்வீர்கள். அங்கிருந்து மறுபடி கணக்கைத் தொடர்வீர்கள். அடுத்த தொலைபேசி வந்ததும் மறுபடி திருத்துவீர்கள்.

இதுதான் முறை, நேயர்களே. கணக்கு எவ்வளவு பிழைபடக்கூடும், சாட்சி எவ்வளவு பிழைபடக்கூடும் என்று எடைபோட்டு, பிழை குறைந்ததற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, இரண்டையும் சேர்ப்பது. இப்படி எடைபோடும் கணித வழி ஒன்றை ருடால்ஃப் கால்மன் என்பவர் 1960இல் வெளியிட்டார். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ கலங்கள் தம் இடத்தை அறிந்துகொள்ள அந்த வழி உதவியது. வானிலைக்கும் கடலுக்கும் அதையும் அதைப்போன்ற பிற வழிகளையும் பயன்படுத்துகிறார்கள்.

லாரி போய்ச் சேர்ந்த பிறகும் இந்தக் கணக்கைப் போடலாம் அல்லவா? மூன்று கடைக்காரர்களின் குறிப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிடமும் லாரி எங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிச் சொல்லலாம். நாளை நடக்கப்போவதைச் சொல்லப் பிறந்த முறை, நேற்று நடந்ததைச் சொல்லவும் உதவிற்று. இப்படித்தான் துருவக் கடலின் கடந்த காலத்தை மீட்கத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜாங், ரோத்ராக் என்ற இருவர் அமைத்த மாதிரி, 2003இல் வெளிவந்தது. நீர்மூழ்கிக் கணக்கை ஒப்பிட்டாரே, அதே ரோத்ராக்தான். செயற்கைக்கோள் கண்ட பனிப் பரப்பையும் கடலின் மேல் வெப்பத்தையும் அந்த மாதிரிக்குள் கொடுத்துக் கொடுத்துத் திருத்தி, 1979 முதல் துருவப் பனியின் முழுக் கனத்தையும் கணக்கிடுகிறார்கள். அதன்படி 1979 செப்டம்பரில் ஏறக்குறைய 17,000 கன கிலோமீட்டர் பனி இருந்தது. 2012 செப்டம்பரில் 4,000க்கும் குறைவு. பரப்பைப் பார்த்தாலும் அந்த 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் 34 இலட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. 1981 முதல் 2010 வரையிலான சராசரி ஏறக்குறைய 62 இலட்சம்.

அதற்கும் முன்னால்? செயற்கைக்கோள் இல்லாத காலத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் அந்தப் பழைய ஏடுகள் திரும்பி வருகின்றன. பழைய கப்பல்களின் பதிவேடுகளைப் படம் பிடித்து வைத்து, உலகின் பல மூலைகளிலும் உள்ள சாதாரண மக்களை அழைத்து, வரிவரியாகப் படித்துக் கணிப்பொறியில் ஏற்றும் பணி 2010இல் தொடங்கியது. சம்பளம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் செய்தார்கள். துருவத்துக்குச் சென்ற அமெரிக்கக் கப்பல்களின் ஏடுகளும் பின்னர் அதில் சேர்ந்தன. ஜீனெட்டின் ஏடுகளும் அவற்றில் உண்டு. செத்துப்போன மாலுமி ஒருவர் விரல் விறைக்க எழுதிய எண்ணை, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர் வாசித்து மறுபடி எழுதினார்.

2019இல் ஆக்சல் ஷ்வைகர் தலைமையில் அதே பல்கலைக்கழகத்தார், பழைய வானிலைக் குறிப்புகளின் துணையோடு துருவப் பனியின் கணக்கை 1901 வரை பின்னோக்கிக் கொண்டுபோனார்கள். கணக்கு சொன்னது சரியா என்று பழைய கப்பல் ஏடுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அட்லாண்டிக் பக்கத்தில் பனி குறைந்த காலம் ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் 1979க்குப் பிறகு ஏற்பட்ட இழப்பு அதைவிடப் பன்மடங்கு பெரிது என்று கண்டார்கள். "முன்பும் இப்படித்தான் ஏறி இறங்கியது" என்று சொல்வோருக்கு இதுவே விடை.

தென் துருவக் கடலிலும் இந்த வேலை நடக்கிறது. அங்கே கப்பல் போக முடியாத பனிக்கடியில் அளந்து தருவது யார் தெரியுமா? யானைக் கடல்நாய்! அதன் தலைமயிரில் சிறு கருவி ஒன்றை ஒட்டி விடுகிறார்கள். அது இரைதேடி நூற்றுக்கணக்கான மீட்டர் மூழ்கும்போதெல்லாம் வெப்பமும் உப்பும் பதிவாகும். மேலே வந்து மூச்சு விடும்போது செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும். மயிர் உதிரும் பருவத்தில் கருவியும் விழுந்துவிடும். தென் பகுதியின் கதை வேறு மாதிரி. அங்கே 2014இல் பனி 200 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவி உச்சம் கண்டது. 2023 பிப்ரவரியிலோ 18 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. செயற்கைக்கோள் பதிவில் அன்றுவரை காணாத குறைவு அது. நம் மலேசிய ஆராய்ச்சியாளர்களும் 1999 முதல் தென் துருவம் சென்று வருகிறார்கள். 2011இல் நம் நாடு தென் துருவ உடன்படிக்கையில் சேர்ந்தது.

இனிச் சென்னைக்கு வருவோம். அங்கே பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993இல் ஏற்பட்டது. இந்தியாவைச் சுற்றியுள்ள கடல்களில் காற்றையும் அலையையும் அளக்கும் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்து வருபவர்கள் அவர்கள். கோவாவில் உள்ள துருவ ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து அவர்கள் இண்ட்ஆர்க் என்ற கருவித் தொகுதியைச் செய்தார்கள். 2014 ஜூலை 23ஆம் நாள், நார்வேயின் லான்ஸ் என்ற கப்பலிலிருந்து, ஸ்வால்பார்ட் தீவுகளில் கோங்ஸ்ஃபியோர்டன் என்னும் கடற்கழியில் அதை இறக்கினார்கள். வட துருவத்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரம். அங்கே கரையில் ஹிமாத்ரி என்ற இந்திய ஆய்வுக்கூடம் 2008 முதல் இருக்கிறது.

மேலே மிதக்கவிட்டால் பனி வெட்டிவிடும். ஆகவே 192 மீட்டர் ஆழத்தில் அடித்தளத்தில் நங்கூரமிட்டு, நீருக்குள்ளேயே நிற்கும்படி செய்தார்கள். வெவ்வேறு ஆழத்தில் வெப்பம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை அது அளக்கும். மனிதர் போக முடியாத இருண்ட குளிர்காலத்திலும் அது எழுதிக்கொண்டே இருக்கும். பிறகு மேலே எடுத்து, பதிந்ததைப் படித்து, மறுபடி இறக்குவார்கள். நான்சென் கண்ட அதே வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் அந்தக் கழிக்குள்ளும் வந்து போகிறது. வட துருவ மாற்றத்துக்கும் இந்தியப் பருவமழைக்கும் என்ன உறவு என்று அறிவதும் அவர்களுடைய நோக்கம். சென்னை வெயிலில் கூட்டிப் பொருத்திய கருவி துருவக் கடலில் சாட்சி சொல்கிறது என்றால், நமக்கும் பெருமைதானே!

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பார்க்காமலே சொன்னால் அது பொய் இல்லையா?

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு மழைமானி இருந்தது. பயிற்சி மாணவர்கள் முறை வைத்து, தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து எழுத வேண்டும். ஒரு வாரம் என் முறை. மூன்று நாள் போகாமல் இருந்துவிட்டேன். நான்காம் நாள் போனபோது மானியில் 61 மில்லிமீட்டர் நீர் நின்றது. மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அதை மூன்றாகப் பங்கிட்டு, 18, 22, 21 என்று மூன்று நாளுக்கும் எழுதிவிட்டேன். கூட்டினால் 61 வரும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

எங்கள் விரிவுரையாளர் ஏட்டைப் பார்த்தார். "முதல் இரண்டு நாளும் மண் காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் இரவுதான் விடுதிப் பாதையே அரித்துக்கொண்டு போகும்படி பெய்தது. உன் ஏட்டில் மட்டும் மூன்று நாளும் மழை!" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, 61 என்று எழுதி, மூன்று நாளுக்கும் சேர்த்து என்று ஒரு வரி போட்டிருந்தால் போதுமே. அது மெய்யான அளவு. எந்த நாளில் எவ்வளவு என்று பின்னால் வருகிறவன் கணக்குப் போட்டுக்கொள்வான். நீ எழுதியதோ அவன் கணக்கையும் கெடுத்துவிடும்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னது இன்றைக்கு எனக்கு முழுவதும் விளங்குகிறது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது பொய். இது கண்டது, இது கணித்தது, இதில் இவ்வளவு பிழை இருக்கலாம் என்று பிரித்துச் சொல்வது அறிவு. துருவப் பனியைக் கணிப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். 17,000 என்று சொன்னால் அதில் எவ்வளவு ஏறலாம், இறங்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். வேறு வேறு நிலையங்களின் மாதிரிகள் வேறு வேறு விடை தரும்போது அதையும் மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். மாதிரிக்குக் கொடுக்காத நீர்மூழ்கி அளவுகளை எடுத்து, அதன் விடையோடு ஒப்பிட்டுத் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கிறார்கள். விடைத்தாளை மூடி வைத்துவிட்டுப் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்வதுபோல. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

தாய்மார்களே, நம் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டன் பாட்டி எந்த ஆண்டு கப்பலேறினார்கள், எந்தத் தோட்டத்தில் முதலில் பெயர் பதிந்தார்கள் என்று கேட்டால் பல வீடுகளில் விடை இல்லை. பழைய சம்பளச் சீட்டு ஒன்று, பிறப்புச் சான்று ஒன்று, பாட்டியின் நினைவு கொஞ்சம், இவைதான் மிச்சம். ஜீனெட்டின் ஏடுபோல அவையும் சாட்சிகள். தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது, "பாட்டி நேரில் கண்டது", "பாட்டி கேள்விப்பட்டது", "நாங்கள் ஆண்டுகளைக் கூட்டிக் கணித்தது" என்று தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாத இடைவெளிகளைப் பின்னால் வருகிறவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். நாம் எழுதியது மெய்யாக இருந்தால் போதும்.

எங்கள் பள்ளியிலும் இப்போது ஒரு மழைமானி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்ட அந்த மாணவிதான் ஏட்டுக்குப் பொறுப்பு. சென்ற திங்கட்கிழமை ஏட்டைத் திறந்து பார்த்தேன். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: "38 மில்லிமீட்டர். சனி, ஞாயிறு பள்ளி இல்லை. மூன்று நாளுக்கும் சேர்த்து."